பன்னிரண்டு பயறும் ஒரு கருவாடும்

"இது என்ன மீன்?" என்று உல்பியோ கேட்டபோது அவனுக்கு இன்னும் பயம் வரவில்லை. பால் சட்டியில் கொதித்துக்கொண்டிருந்த வெள்ளைத் துண்டு ஒன்றைக் கரண்டியில் எடுத்து, ருசி பார்ப்பதற்காக ஊதிக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி நர்சிசா வாழைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "சுறாதான். பனேஸ்காவுக்கு வேற எந்தக் கருவாட்டைப் போடுவாங்க?"

துண்டு கரண்டியிலிருந்து நழுவிச் சட்டிக்குள் விழுந்தது. சுடு பால் அவன் சட்டையில் தெறித்தது. அதை அவன் கவனிக்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன், காலை பத்து மணி. பன்னிரண்டு பயறும் பாலும் கருவாடும் சேர்த்து அந்த நாளில் வீட்டுக்கு வீடு காய்ச்சும் கஞ்சிதான் பனேஸ்கா. ஒரு மணிக்குச் சட்டமன்ற உறுப்பினர் அர்தேகா இந்த வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். சுறாக்களைக் காக்கும் சட்டத்தை அவையில் கொண்டுவரலாமா வேண்டாமா என்பதை ஒரு மீனவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முடிவு செய்யப் போவதாக அவர் சொல்லியிருந்தார். அந்த மேசையில்தான் நர்சிசா சுறாவை வைக்கப் போகிறாள்.

உல்பியோ, புந்தா லோரா மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர். பயப்படுவதில் அந்தக் கரையில் அவனுக்குப் போட்டியே கிடையாது. பல் மருத்துவரிடம் பயம், முத்திரை குத்திய கடிதத்தைப் பிரிக்கப் பயம், சாதுவான மாட்டைக்கூடத் தெருவின் மறுபக்கம் போய்த்தான் கடப்பான். அப்படிப்பட்டவன் வாழ்க்கையில் துணிந்து இறங்கிய ஒரே காரியம் இந்தச் சட்டம்.

அதற்குக் காரணம் ஒன்று உண்டு. இருபத்து நான்கு வருஷத்துக்கு முன்பு, அவன் படகில் போய்க்கொண்டிருந்த காலத்தில், கொம்பன் சுறா ஒன்று வலையில் மாட்டியது. மேலே இழுத்துப் போட்டதும் அது படகுக்குள்ளேயே குட்டி போட ஆரம்பித்தது. மற்றவர்கள் ஐஸ் பெட்டியைத் திறக்கப் போன நேரத்தில் உல்பியோ ஒவ்வொரு குட்டியாக எடுத்துக் கடலில் விட்டான். மொத்தம் பதினேழு. தாயை அவனால் காப்பாற்ற முடியவில்லை. கரைக்கு வந்தவன் மறுபடி படகில் ஏறவே இல்லை. ஐஸ் ஆலையில் கணக்கெழுதப் போய்விட்டான். ஆனால் ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில் கடலைப் பார்த்து நின்று, பிள்ளைகளுக்கு இப்போது பத்து வயது, இப்போது இருபது வயது என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வான். நர்சிசாவைத் தவிர யாருக்கும் இது தெரியாது.

நான்கு வருஷத்துக்கு முன்பு அவனைச் சங்கச் செயலாளராக்கினார்கள். வேறு யாருக்கும் அந்த வேலை வேண்டாம் என்பதுதான் அதற்குக் காரணம். முதல் கூட்டத்திலேயே அவன் எழுந்து, இனி இந்தக் கரையில் யாரும் சுறா இறக்கக் கூடாது என்று சத்தியம் கேட்டான். தூக்கிக் கடலில் போடுவார்கள் என்று எதிர்பார்த்துச் செருப்பைக்கூட முன்கூட்டியே கழற்றி வைத்திருந்தான். ஆனால் அவன் பேசி முடிப்பதற்குள் நாற்பத்திரண்டு பேரும் கையைத் தூக்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவனான நெக்சார் இரண்டு கையையும் தூக்கினான். "நீ கேட்டு நாங்க மாட்டோம்னா சொல்லப்போறோம், மச்சான்?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். உல்பியோ அழுதுவிட்டான்.

அன்றிலிருந்து சங்கப் பதிவேட்டில் சுறா என்ற பத்தி காலியாகவே இருக்கிறது. மீனவர்களே மனம் மாறிவிட்டார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. அந்தப் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் அவன் குவாயாகில் நகரத்துக்குப் போய்க் கூட்டாளிகளைத் தேடினான்.

சுறாவுக்கென்று சங்கம் எதுவும் கிடைக்கவில்லை. இந்த நாட்டில் சுறாவை நேசிக்கிறவர்களைக் கூட்டினால் ஒரு மோட்டார் சைக்கிளில் ஏற்றிவிடலாம். நாயை நேசிக்கிறவர்கள் ஏராளம். ஆகவே தெருநாய் நலச் சங்கத் தலைவி கிரிசெல்தா அம்மாவின் கதவைத் தட்டினான். அந்த அம்மா பதிவேட்டைப் புரட்டினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், ஆறே மாதத்தில் சட்டம் கேட்கும் மனுவுக்கு முப்பதாயிரம் கையெழுத்துச் சேர்த்துக் கொடுத்தாள். கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் சுறா என்பது ஏதோ ஒரு நாய் ஜாதி என்று நினைத்திருக்கலாம். கையெழுத்து கையெழுத்துதானே.

இரண்டு சங்கங்களுக்கும் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. அதில் ஒரு வரி மட்டும் உல்பியோவின் கனவில் அடிக்கடி வரும். கூட்டுறவுச் சங்கத்தில் யாராவது சுறாவைப் பிடித்தாலோ விற்றாலோ தின்றாலோ, அந்த நிமிஷமே உறவு முறியும்; முறிந்ததை ஊரறியச் சொல்வது கிரிசெல்தா அம்மாவின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை அவள் எவ்வளவு உற்சாகமாகச் செய்வாள் என்று அவனுக்குத் தெரியும்.

"நான் சத்தியம் வாங்குனது உனக்குத் தெரியாதா?" என்று இப்போது நர்சிசாவைக் கேட்டான்.

"பிடிக்கக் கூடாதுன்னு அவங்ககிட்ட வாங்குனீங்க. சமைக்கக் கூடாதுன்னு என்கிட்ட யாரு கேட்டா?"

"நாலு வருஷமாவா இதைப் போடுற?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து. போன வருஷம் மூணு கிண்ணம் குடிச்சீங்க."

உல்பியோ நாற்காலியில் உட்கார்ந்தான். யாரோ சத்தியத்தை மீறிச் சுறா இறக்குகிறான். நாலு வருஷமாக அந்தப் பதிவேடு பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தப் பொய்யைத்தான் அவன் நகரம் முழுக்க விரித்துக் காட்டியிருக்கிறான்.

முதலில் மீனை மட்டும் எடுத்துவிடலாம் என்று பார்த்தான். நர்சிசா தடுக்கத் தடுக்க, பெரிய கரண்டியால் துழாவினான். ஊறி, பாலில் வெந்த கருவாடு தொட்டதும் உதிர்ந்தது. உதிர்ந்தது பரங்கிக்காயோடும் பயறுகளோடும் சோளத்தோடும் கலந்தது. ஐந்து நிமிஷத்துக்கு முன்பு சட்டியில் சுறா இருந்தது. இப்போது சட்டி முழுவதுமே சுறாவாகிவிட்டது.

சரி, வேறு சட்டியைப் பரிமாறலாம். பெரிய வியாழனன்று வீட்டுக்கு வீடு பனேஸ்காக் கிண்ணம் போய் வரும். மேசையில் ஏற்கனவே ஐந்து வீட்டுக் கிண்ணங்கள் தட்டு போட்டு மூடி இருந்தன. உல்பியோ ஒவ்வொரு தட்டாகத் தூக்கினான். முதல் கிண்ணத்தில் அதே வெள்ளைத் துண்டு. இரண்டாவதிலும் அதே. ஐந்தாவது பாதிரியார் வீட்டிலிருந்து வந்தது. அதில் துண்டு இன்னும் பெரிதாக இருந்தது.

"இதெல்லாம் எங்கேருந்து வருது?"

"செனைடா அக்கா கடைதான். இந்த ஊருல கருவாட்டுக்கு வேற கடை எங்க இருக்கு?"

செனைடாவின் கடை நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் திரும்பும் முனையில் இருந்தது. அர்தேகா வரும் கார் அந்த முனையைத் தாண்டித்தான் வர வேண்டும். உல்பியோ செருப்பை மாட்டாமல் ஓடினான்.

கடைக்கு மேலே கை நீளத்துக்குப் பலகை. சிவப்பு எழுத்தில் 'உண்மையான சுறாக் கருவாடு' என்று எழுதி, படிக்கத் தெரியாதவர்களுக்காகப் பக்கத்தில் சுறாவின் படமும் போட்டிருந்தது. தினமும் அந்தப் பலகைக்கு அடியில்தான் அவன் பஸ் ஏறுகிறான். தலையைத் தூக்கிப் பார்க்காமல் நடப்பது பயந்தவர்களின் பழக்கம்.

"அக்கா, இது நிஜமாவே சுறாவா?"

செனைடாவுக்கு முகம் சிவந்துவிட்டது. கடையில் வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "என்ன தம்பி இப்படிக் கேக்குறீங்க? முப்பது வருஷமா இந்தக் கல்லாவுல உக்காந்திருக்கேன். சுறாவைத் தவிர வேற ஏதாவது வித்திருப்பேனா?" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

அதற்கு மேல் விசாரிக்க அவனுக்கு நேரமில்லை. சட்டைப் பையில் இருந்ததையெல்லாம் அவள் மடியில் கொட்டி, மிச்சமிருந்த கருவாடு முழுவதையும் இரண்டு சாக்கில் போடச் சொன்னான். பலகையையும் கழற்றித் தரும்படி கெஞ்சினான். அவனுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று முடிவுகட்டி, அவள் சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிக் கழற்றிக் கொடுத்தாள்.

இப்படியாக, சுறாக்களைக் காக்கும் இயக்கத்தின் செயலாளர் இரண்டு சாக்குச் சுறாவும் ஒரு விளம்பரப் பலகையுமாக நட்டநடுப் பகலில் கடற்கரைக்கு ஓடினார். வழியில் வலை பின்னிக்கொண்டிருந்த நெக்சாரிடம் மட்டும் நின்று, மூச்சு வாங்க, யாராவது சுறா இறக்குகிறானா என்று கேட்டான். நெக்சார் அவனையும் சாக்கையும் மேலும் கீழுமாகப் பார்த்தான். "உன் சத்தியத்தை மீறுறவன் இந்தக் கரையில ஒருத்தன்கூட இல்ல, மச்சான்," என்றான். பொய் சொல்கிறவன் முகமாக அது தெரியவில்லை. அதுதான் உல்பியோவை இன்னும் பயமுறுத்தியது. எல்லோரும் சேர்ந்து, இவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறார்கள் என்றால்?

கவிழ்த்துப் போட்டிருந்த பழைய படகின் அடியில் சாக்குகளைத் தள்ளினான், பலகையையும் தள்ளினான், மேலே மணலைப் போட்டான். நிமிர்ந்தபோது ஒரு நாய் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு நடந்தபோது நான்கு நாய்கள் பின்னால் வந்தன. தேவாலயத்தைத் தாண்டியபோது பதினொன்று. கல்லை எடுக்கக் குனிந்தான்.

"உல்பியோ!"

கிரிசெல்தா அம்மாவின் வண்டி நின்றிருந்தது. அவளுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் அர்தேகா. அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார்கள். உல்பியோ கையிலிருந்த கல்லைப் பையில் போட்டுக்கொண்டான்.

நாய்கள் அவன் கையை நக்கின, கால்சட்டையை முகர்ந்தன, ஒன்று அவன் காலடியில் மல்லாந்து படுத்தது. கிரிசெல்தா அம்மா வண்டியிலிருந்து இறங்கினாள். "பாத்தீங்களா, அர்தேகா? மனுஷங்க ஏமாத்தலாம். நாய்ங்களை ஏமாத்த முடியாது. ஒருத்தன் நல்லவனா இல்லையான்னு அதுங்களுக்குத் தெரியும்," என்றாள். பிறகு அவனைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டவள் ஒரு கணம் மூக்கைச் சுளித்தாள். உல்பியோவின் உயிர் ஒருமுறை போய்த் திரும்பி வந்தது.

"கடல்காரன் வாசனை," என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

மேசையில் உட்கார்ந்ததும் அவள் கிண்ணத்தைத் தொடாமல் ஒரு கேள்வி கேட்டாள். என்ன மீன் என்று தெரியாமல் எதையும் வாயில் வைப்பதில்லை என்பது அவள் கொள்கை. உல்பியோ, கடலுக்கு மரியாதை செய்யும் விதமாக இந்த வருஷம் மீனே போடவில்லை என்றான். நர்சிசா அவனைப் பார்த்த பார்வையில், இருபது வருஷத்துச் சமையல் அவமானப்பட்டு நின்றது. ஆனாலும் வேர்க்கடலையைத் தூவி, அவித்த முட்டையை நறுக்கி வைத்து, வாழைக்காய் வறுவலை மேலே போட்டுக் கிண்ணங்களை நகர்த்தினாள்.

அர்தேகா ஒரு கரண்டி குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு கரண்டி. உல்பியோ அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மீனே இல்லாம இப்படி ஒரு ருசியா?" என்றார் அவர். "எப்படிம்மா செய்றீங்க?"

"கைப்பக்குவம்," என்றாள் நர்சிசா, கணவனைப் பார்க்காமல்.

கிரிசெல்தா அம்மா இரண்டு கிண்ணம் குடித்தாள். அர்தேகா மூன்று. மூன்றாவது கிண்ணத்தின்போது, வாய்க்குப் போகும் கரண்டியோடு அவரைப் படமெடுத்து, 'சுறாவின் தோழர், மீனவர் வீட்டு விருந்தில்' என்று எழுதி அவள் தன் சங்கத்தின் இணையப் பக்கத்தில் போட்டுவிட்டாள். முப்பதாயிரம் பேர் பார்க்கிற பக்கம் அது. அர்தேகா தன் பேனாவை வெளியே எடுத்து, மனு எங்கே என்றார்.

தப்பித்துவிட்டோம் என்று உல்பியோ நினைத்தான். மனுவை எடுக்க அலமாரிப் பக்கம் போனான்.

அப்போதுதான் வாசலில் இழுபடுகிற சத்தம் கேட்டது.

பதினொரு நாய்களும் வந்திருந்தன. முன்னால் வந்த நான்கு சேர்ந்து ஒரு சாக்கை இழுத்து வந்தன. சாக்கு கிழிந்து, வாசலிலிருந்து தெருக்கோடி வரை வெள்ளைத் துண்டுகள் சிதறிக் கிடந்தன. நல்ல மனுஷனுக்கு உரியதை அவனிடமே சேர்த்துவிடுகிற நியாயம் அந்த நாய்களுக்கு இருந்தது. சாக்கின் கயிற்றில் சிக்கிக்கொண்டு பின்னாலேயே பலகையும் வந்தது. எழுத்து மேலே தெரியும்படி வந்தது. படமும்.

கிரிசெல்தா அம்மா பலகையை வாசித்தாள். பிறகு சாக்கைப் பார்த்தாள். பிறகு தன் கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்த வெள்ளை நாரைப் பார்த்தாள்.

உல்பியோவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. பயத்துக்கும் ஒரு எல்லை இருக்கிறதென்று அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது; அந்த எல்லைக்கு அப்பால் வெறும் களைப்புதான் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னான். சட்டியில் இருப்பது சுறா. ஐந்து கிண்ணத்திலும் சுறா. பாதிரியார் வீட்டிலும் சுறா. யாரோ சத்தியத்தை மீறியிருக்கிறான், யாரென்று தெரியாது, பதிவேடு பொய், தான் ஒரு முட்டாள். சொல்லிவிட்டு, படகில் பிறந்த பதினேழு குட்டிகளைப் பற்றியும் சொன்னான். அதைச் சொல்லும்போதுதான் அழுதான். "அதுங்கள்ல ஒண்ணு இந்தச் சட்டியில இருந்தா நான் என்ன பண்றது?" என்றான்.

ஒப்பந்தம் முறிகிற சத்தத்துக்காக உல்பியோ காத்திருந்தான்.

"அந்தப் படத்தை எத்தனை பேர் பாத்திருப்பாங்க?" என்று அர்தேகா மெல்லிய குரலில் கேட்டார்.

கிரிசெல்தா அம்மா போனைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயத்தை உல்பியோ அதுவரை கண்டதில்லை. "நாலாயிரம். ரெண்டு பத்திரிகைக்காரங்க எடுத்துப் போட்டிருக்காங்க."

அர்தேகா கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார். சுறாவின் தோழர் மூன்று கிண்ணம் சுறா குடித்த செய்தி எந்தத் தலைப்பில் வரும் என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. நாய்ச் சங்கத் தலைவியின் இரண்டு கிண்ணமும் அதே செய்தியில் வரும் என்று கிரிசெல்தா அம்மா யோசிப்பதும் தெரிந்தது. இத்தனை வருஷமாகத் தான் ஒருவனே பயப்படுவதாக நினைத்திருந்த உல்பியோ, அந்த மேசையைச் சுற்றிப் பார்த்தான்.

"இந்தச் சாக்கை நாம யாரும் பாக்கல," என்றார் அர்தேகா.

"பாக்கல," என்றாள் கிரிசெல்தா அம்மா. "பனேஸ்காவுல மீன் இல்ல. உல்பியோ அப்பவே சொன்னாரு."

"கைப்பக்குவம்," என்றாள் நர்சிசா.

அர்தேகா மனுவின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமையே அவையில் வைக்கப்படும், தண்டனையை இரண்டு மடங்காக்கிவிடலாம், இவ்வளவு அவசரமான சட்டம் இதுவரை தன் கைக்கு வந்ததே இல்லை என்றார். கிரிசெல்தா அம்மா நாய்களைத் தடவிக்கூடக் கொடுக்காமல் வண்டியில் ஏறினாள். வண்டி போன வேகத்தில் கோழிகள் சிதறின.

உல்பியோ வாசலில் உட்கார்ந்தான். சட்டம் வருகிறது. பதினேழு பிள்ளைகளுக்கும் இனிப் பயமில்லை. அவனுக்கு உடம்பெல்லாம் லேசாக இருந்தது, பசிகூட எடுத்தது.

சாயங்காலம் செனைடா பலகையை வாங்க வந்தாள். நாய்ப் பல் பதிந்த பலகையைத் தடவிப் பார்த்து முணுமுணுத்தாள். அவளைக் கண்டதும் உல்பியோவுக்கு அடங்கியிருந்த ஆத்திரம் எழுந்தது. யாரிடமும் குரல் உயர்த்தாதவன், அன்று எழுந்து நின்று குரல் உயர்த்தினான்.

"உண்மையைச் சொல்லுங்க அக்கா. யாரு உங்களுக்குச் சுறா கொண்டுவந்து தர்றது? எந்தப் படகு?"

செனைடா தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் காதருகே குனிந்தாள்.

"சத்தமாக் கேக்காதீங்க தம்பி, என் யாவாரமே போயிடும். அதெல்லாம் வெறும் கெளுத்தி, இந்தக் கடல்ல கடைசியா ஒரு சுறா மாட்டி அஞ்சு வருஷமாச்சு."